இதர இனங்கள்

தில்லியிலிருந்து பணம் வரவில்லை.
பணம் வரும் என்ற கடிதம் வந்தது.
சென்னை அதைத் தொட்டு முத்திரை குத்தி அனுப்ப
மார்ச் பதினொன்றில் என் மேசையில் இறங்கியது.
முப்பத்தொன்றுக்குள் செலவாகாவிட்டால்
வந்த வழியே திரும்பிவிடுமாம்,
ஆள் இல்லாத வீட்டு மணியார்டர் போல.

நான் கணக்குப் பிரிவு, ஜன்னலோர நாற்காலி.
தொகை இரண்டு கோடியே பதினான்கு லட்சம்.
மனுக்கள் நூற்றாறு.

அம்மாபேட்டை மண்டலத்துக்கு ஐம்பது.
அஸ்தம்பட்டிக்கு ஐம்பது.
சூரமங்கலத்துக்கு ரயில் வருவதால் ஐம்பத்திரண்டு.
கொண்டலாம்பட்டி உறுப்பினர் எழுந்து
மைக்கை விழுங்கிவிடுவது போலப் பேசியதில்
ஐம்பத்தைந்து.
எல்லாம் சாலை, எல்லாம் சாக்கடை மூடி.
மன்றக் கூட்டம் தக்காளி சாதத்தோடு முடிந்தது.

மிச்சம் ஏழு லட்சம்.
அதற்கு எங்கள் ஏட்டில் பெயர், இதர இனங்கள்.
மனிதர்கள் எல்லாரும்
அந்த இதரத்தில்தான் இருந்தார்கள்.

கிச்சிப்பாளையம் இரவுக் காப்பகத்துக்கு
வெந்நீர் பாய்லர் ஒன்று.
குகையில் காது கேளாத பிள்ளைகளின் மாலை வகுப்புக்குப்
பேட்டரிகள், பொத்தான் அளவு.
லைன்மேட்டுத் துப்புரவுப் பெண்களுக்கு
வேலை முடிந்து குளித்துவிட்டு பஸ் ஏற
ஓர் அறை.
இந்தக் கடைசி மனுவில் பதினேழு கையெழுத்து, நான்கு கைநாட்டு,
தாளின் பின்பக்கம்
து. பருப்பு அரை, சீரகம் நூறு.

என் அண்ணன் செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் இருக்கிறான்.
அங்கே சாயங்காலம் தரையைக் கூட்டி
அந்தத் தூசியையும் நிறுத்து விற்பார்கள்.
நானும் அப்படித்தான் கூட்டினேன்.
குளியலறை ஆறு நாற்பது.
பாய்லர் முப்பத்தெட்டாயிரம்.
மீதி இருபத்திரண்டாயிரம், பேட்டரிக்குச் சரியாக இருந்தது.

சுற்றறிக்கை பத்தி ஏழு:
நுகர்பொருள் வாங்கக் கூடாது.
ஆளுக்குச் சம்பளம் தரக் கூடாது.
திட்டப் பெயர்ப்பலகை கட்டாயம்.

இருபத்திரண்டாயிரத்துக்கும் பலகை செய்தோம்.
எஃகு. துருப்பிடிக்காது.

மார்ச் இருபத்தொன்பதில் சான்றிதழ் தட்டச்சிட்டேன்:
'தொகை முழுவதும் உரிய நோக்கத்துக்குப் பயன்படுத்தப்பட்டது.'
அன்று லைன்மேட்டில்
ஒரு லோடு ஜல்லி மட்டும் கொட்டியிருந்தது.
அதன்மேல் ஓர் ஆடு.

ஜூலையில் அறை எழும்பியது.
நீலப் பதிகல், ஆறு குழாய், ஒரு பூட்டு.
பராமரிக்க ஆள் போடப் பத்தி ஏழு விடவில்லை.
சாவி சுகாதார ஆய்வாளரிடம் போய்
உதவிப் பொறியாளர் தீர்த்தகிரியிடம் போய்
ஒருநாள் என் இழுப்பறையில்
குண்டூசி டப்பாவுக்குள் வந்து படுத்துக்கொண்டது.

மாதம்மாள் நான்கு திங்கட்கிழமை வந்தாள்.
மேசைக்கு இரண்டடி தள்ளியே நின்றாள்.
வாடை அடிக்குமென்று அவளே வைத்த தூரம் அது.
ஐந்தாம் திங்கள் நான் உள்ளதைச் சொன்னேன்:
கழுவிப் பெருக்க ஆள் இல்லை, அதனால்தான் திறக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள்.
'கூட்டிக் கழுவ ஆளில்லீன்னு
எங்ககிட்டயா சொல்றீங்க?'

பொருள் பதிவேட்டைப் புரட்டினேன்.
கதவு இருக்கிறது. பூட்டு இருக்கிறது.
சாவி என்று தனி வரி இல்லை.
இல்லாத ஒன்றைக் கொடுத்ததற்கு
யார் என்னைத் தணிக்கை செய்வார்கள்?

ஆகஸ்ட் ஆறு, மதியம் இரண்டரை.
மார்ச்சில் நான் அடித்த பொய்
ஆறு குழாயிலும் தண்ணீராக விழுந்தது.
ஈரத் தலையோடு நான்கு பேர்
பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்களாம்.

குகை ஆசிரியை ஷமீம்
இந்த வருஷ மனுவோடு வந்திருக்கிறாள்.
பேட்டரி என்று எழுதாதீங்க டீச்சர், அடிங்க அதை.
'செவித்திறன் உபகரணம், உதிரிபாகங்களுடன்.'
ஆமாம், அப்படியே.
இந்தாங்க, பேனா.